கலங்கரை விளக்கத்துக்குச் சிமெண்டு பூசாதீர்கள்

இல் ஓ ஃபூக்கே திட்டில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று மொரிசியஸில் எங்கள் மாயேபூரில் இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். திங்கட்கிழமைச் சந்தையில் பேசுகிறார்கள், கோவில் வாசலில் பேசுகிறார்கள், மீன்பிடித்துத் திரும்புகிறவர்களும் பேசுகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய்த்தான் முடிகிறது: "படகு நிறையச் சிமெண்டு கொண்டுபோய் ஓட்டையெல்லாம் அடைத்து, மேலே பூசி, வெள்ளையடித்துவிட்டால் இன்னும் நூறு வருஷம் நிற்கும்." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால், சும்மா விட்டால் அழிவதைவிட வேகமாக அந்தக் கோபுரம் அழியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொறியாளன் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்து வளர்ந்தேன். மொரிசியஸில் தமிழருக்கும் கல்கட்டுக்கும் உள்ள உறவு கரும்புத் தோட்டத்துக்கு முந்தியது. ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் ஆட்கள் கப்பலேறுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களும் இங்கே வந்துவிட்டார்கள். 1735-ல் ஆளுநராக வந்த லபூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டியெழுப்பியபோது அந்த வேலையில் அவர்கள் கை இருந்தது. நகருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த பகுதியை மலபார் முகாம் என்றே அழைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது சுண்ணாம்பு. இன்றைய சிமெண்டு அப்போது உலகத்தில் கிடையாது.

இடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாயேபூர் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. ஊருக்கு முன்னால் கிராண்ட் போர் விரிகுடா. விரிகுடாவுக்கு அப்பால் பவளப்பாறை அரண். அதில் கப்பல் நுழையக்கூடிய ஒரு வழி. அந்த வழியை ஒட்டி இல் தெ லா பாஸ், இல் ஓ ஃபூக்கே, இல் ஓ வக்குவா என்று சின்னச் சின்னத் திட்டுகள். 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் இங்கேதான் மோதின. ஆங்கிலேயர் தோற்றார்கள், பாரிஸில் வெற்றி வளைவில் இந்தக் கிராண்ட் போர் சண்டையின் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சண்டையில் ஆங்கிலக் கப்பல்கள் சில தரைதட்டித்தான் மாட்டிக்கொண்டன. வழி தெரியாத மாலுமிக்கு இந்த விரிகுடா எவ்வளவு பொல்லாதது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் தீவு முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரை நூற்றாண்டு கழித்து, 1864-ல், இல் ஓ ஃபூக்கேயில் இந்தக் கலங்கரை விளக்கம் எழுந்தது.

இப்போது அங்கே விளக்கு இல்லை. காவலர் வீட்டுக்குக் கூரை இல்லை, வெறும் சுவர்கள். கோபுரம் மட்டும் நிற்கிறது. சுற்றுலாப் படகுகள் பக்கத்தில் போய் நிற்கும், படம் எடுப்பார்கள், அப்புறம் மீன் சுட்டுச் சாப்பிட அடுத்த தீவுக்குப் போய்விடுவார்கள். ஆல்பியோனில் புவாந்த் ஓ காவ் விளக்கத்தைப் பாருங்கள்: 1910-ல் கட்டியது, சிவப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று நிற்கிறது. அது இன்றும் வேலை செய்கிறது. வேலையில் இருக்கிற விளக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருவார்கள், பழுது பார்க்கப் பணம் வரும். வேலை போன விளக்கத்தைக் கவனிப்பது யார் பொறுப்பு என்பதே ஒரு கேள்வி. இல் ஓ ஃபூக்கே இப்போது திட்டுகள் தேசியப் பூங்காவில் ஒரு பகுதி. 2004-ல் அப்படி அறிவித்தார்கள். அதனால் யாரும் நினைத்தபோது போய்க் கரணை வைக்க முடியாது. அது நல்லதுதான்.

என்னை எழுதத் தூண்டியவர் ஒரு ஸ்தபதி. எங்கள் வட்டாரக் கோவில் ஒன்றின் கும்பாபிஷேகத் திருப்பணிக்காக மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்தார். கோபுரச் சுதை வேலை முடிந்து, ஒருநாள் ஓய்வு கிடைத்தபோது, "இங்க பார்க்க என்ன இருக்கு வாத்தியார் ஐயா?" என்று கேட்டார். கடற்கரை, ஏழு நிற மண் என்று எல்லோரையும் கூட்டிப்போகிற இடங்களைச் சொன்னேன். அவருக்கு ஆர்வமில்லை. இடிந்த கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு என்றதும் எழுந்துவிட்டார். "அதைப் பார்ப்போம். எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கு."

எங்கள் பக்கத்துத் தெருப் படகுக்காரர் கூட்டிப்போனார். அவர் இந்தத் தீவின் மொழியான கிரியோல் பேசுவார், ஸ்தபதி தமிழ் மட்டும் பேசுவார், நடுவில் நான். திட்டு முழுவதும் கடல் சுண்ணாம்புக் கல். அலை அடிவாரத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் ஓரங்கள் குடைந்து, மேல்பகுதி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இறங்குவதற்குச் சுலபமான இடமில்லை. படகுக்காரர், தன் அப்பா காலத்தில் தாராளமாகக் கால்வைத்த விளிம்பு ஒன்று இப்போது தண்ணீருக்குள் கிடப்பதைக் காட்டினார். கோபுரத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. நிற்கிற தரையே குறைந்துகொண்டு வருகிறது.

ஸ்தபதி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் பக்கத்தில் போய், மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த காரையைப் பார்த்தார். விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு. அப்புறம் சுவரை ஒட்டியே ஒரு சுற்று வந்தார். கடல் காற்று முட்டுகிற தென்கிழக்குப் பக்கத்தில் காரை உள்வாங்கியிருந்தது. சில இடங்களில் விரல் முழுதும் உள்ளே போனது. மறுபக்கம் இன்னும் திடமாக இருந்தது. சன்னல் திறப்பு ஒன்றின் கீழே துருக்கறை வழிந்திருந்ததைக் காட்டி, உள்ளே இரும்பு புதைந்திருக்கிறது என்றார். இரும்பு துருப்பிடித்தால் தன் அளவைப்போலப் பல மடங்கு வீங்கும். கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு வாத்தியார் ஐயா. தேஞ்சது காரைதான்" என்றார்.

"அதைத்தான் சிமெண்டு வைத்து அடைக்கலாம் என்கிறார்கள்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டவே வேண்டாம். காரை தேயறது நல்லதுக்குத்தான். அது தேயாட்டா கல்லு தேயும்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. கடலுக்கு நடுவில் நிற்கிற சுவர் எப்போதும் ஈரம் குடித்துக்கொண்டும் ஈரத்தை விட்டுக்கொண்டும் இருக்கிறது. உள்ளே போகிற ஈரத்தில் உப்பு இருக்கிறது. வெயில் வந்ததும் தண்ணீர் ஆவியாகிறது. உப்பு தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதனால் சுற்றியிருப்பதைத் தள்ளி உடைக்கிறது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, நுண்துளை அதிகம். ஈரம் அது வழியாகவே வெளியேறும், உப்பும் அங்கேதான் படியும், நொறுங்குவதும் அதுதான். நொறுங்கிய காரையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தால் போதும், கல் தப்பித்துவிடும். சிமெண்டு வைத்தால் நடப்பது நேர்மாறு. சிமெண்டு கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை விடாது. அப்போது ஈரம் வெளியேற கல்லின் முகம் ஒன்றுதான் வழி. உப்பு அங்கே போய்ப் படிகமாகி, கல் செதில் செதிலாக உதிரும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்டு இணைப்பு மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்ளே போயிருக்கும். மாயேபூரிலேயே பழைய கல்வீடுகளில் இப்படிப் பார்க்கலாம். மேலே முழுக்கப் பூசிவிட்டாலோ இன்னும் மோசம். பூச்சுக்குப் பின்னால் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது, ஒருநாள் பெரிய பாளமாக, கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும்.

சரி, இது தெரிந்த விஷயம்தானே, பிறகு ஏன் எல்லோரும் சிமெண்டைச் சொல்கிறார்கள்? எங்கள் தீவில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மதித்துத்தான் பேச வேண்டும்.

1960-ல் ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரியில் கரோல் புயல். கரோல் வந்தபோது நான் சின்னப் பையன். எங்கள் வீடு மரவீடு, தகரக் கூரை. கூரை பறந்தது. அம்மா எங்களைப் பின்கட்டுச் சமையலறைக்குள் தள்ளினாள். அது தாத்தா கட்டியது: கருங்கல், பவளச் சுண்ணாம்பு, தடித்த சுவர். இரவு முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள் எங்களோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். காலையில் மரவீடு இல்லை, சமையலறை இருந்தது. தீவு முழுவதும் பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. அதற்கப்புறம்தான் அரசு கான்கிரீட் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டியது. அப்பாவும் அந்த வேலைகளுக்குப் போனார். கரோல் கண்ட தலைமுறைக்குச் சிமெண்டு என்றால் பிள்ளைகள் உயிரோடு இருப்பது. அதனால்தான் எந்தச் சுவருக்கு நோய் வந்தாலும் அதே மருந்தைச் சொல்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கான்கிரீட் வீடு வேறு, 1864-ன் கல்கோபுரம் வேறு. எங்களை அந்த இரவு காப்பாற்றியது சுண்ணாம்புச் சுவர் என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா கடைசிக் காலத்தில் அந்தச் சமையலறையை மட்டும் சிமெண்டு தொட விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால், தானே சுண்ணாம்பு நீற்றி வெள்ளையடிப்பார். பீப்பாயில் தண்ணீர் ஊற்றிச் சுட்ட கட்டிகளைப் போடும்போது அது கொதித்துக் குமுறும். எங்களைத் தூரப் போகச் சொல்வார். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். நீற்றின சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் கிடக்க விடுவார். பழுக்கப் பழுக்க வெண்ணெய் போல ஆகும் என்பார்.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றால், கடலிலிருந்து. காயலில் பவளம் எடுத்து, கரையோரச் சூளைகளில் விறகு போட்டு எரிப்பார்கள். கட்டடத்துக்கு மட்டுமல்ல, கரும்புச் சாறு தெளியவைக்கவும் சர்க்கரை ஆலைகளுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. தீவைச் சுற்றி அந்தச் சூளைகளின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் இன்று பவளத்தைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். காயல் மணல் அள்ளுவதை 2001-ல் அரசு நிறுத்தியது. இப்போது கட்டட வேலைக்குக் கருங்கல்லை உடைத்த பாறை மணல்தான். ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றப் பவளத்திட்டை உடைப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஆகவே தாத்தா வைத்த அதே காரையை நாம் வைக்க முடியாது. அதற்கு உறவான வேறொன்றைத் தேட வேண்டும்.

இதில்தான் ஸ்தபதிக்கும் என் அக்கா மகளுக்கும் நடந்த வாக்குவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவள் சர்க்கரை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஸ்தபதி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, கோபுரக் காரையில் சுண்ணாம்பு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் செய்வதுபோல, உதிர்ந்த காரையை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் தங்கும், அதைச் சலித்து எடை பார்க்கலாம் என்றார் அவர்.

"ஐயா, அது ஆற்று மணலுக்குச் சரி" என்றாள் அவள். "இங்க மணலே பவளம்தான். அமிலத்துல சுண்ணாம்போட மணலும் கரைஞ்சிடும். கடைசியில ஒண்ணுமே மிஞ்சாது, முழுக்கச் சுண்ணாம்புன்னு தப்பா நினைச்சிடுவோம்."

ஸ்தபதி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லாச் சொன்னே தாயி. அப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். காரையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், மணல் எது, அதைப் பிடித்து ஒட்டுகிற சுண்ணாம்பு எது என்று கண்ணால் தெரியும் என்றாள். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரு துண்டுகூட அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது என்பதால், எங்கள் சமையலறைச் சுவரிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள். சீவலில் பவளத் துணுக்குகள், சங்குச் சிதறல், இடையிடையே சின்னக் கரித்துண்டுகள் தெரிந்தன. கரி, சூளை விறகினுடையது. தாத்தாவின் சுவரில் எரிந்த விறகைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கடுக்காயும் வெல்லமும் பற்றியும் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஸ்தபதிக்குக் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்க்காமல் சுண்ணாம்பு அரைப்பது மனசுக்கு ஒவ்வாது. வெல்லத்துச் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகம் கரைய வைக்கும், காரை நன்றாக ஒட்டும் என்பது அவளுக்கும் தெரியும். சர்க்கரை ஆலையில் இருப்பவள்தானே. ஆனால் இந்த ஈரத்தில் பூஞ்சை வந்துவிடுமோ, உப்போடு சேர்ந்தால் என்ன ஆகுமோ, சோதிக்காமல் கோபுரத்தில் வைக்கக்கூடாது என்றாள். இரண்டுமே சரியான பேச்சு. சுர்க்கியில் மட்டும் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். சுட்ட செங்கல்லைத் தூளாக்கிச் சேர்த்தால், காற்றை மட்டும் நம்பி இறுகும் சுண்ணாம்பு, ஈரத்திலும் இறுகும். கடலோர வேலைக்கு அது வேண்டும். பிரான்சிலிருந்து வரும் நீரில் இறுகும் சுண்ணாம்பு மூட்டையும் கிடைக்கிறது. அதில் பல தரம் உண்டு. மிகக் கெட்டியானதை எடுத்தால் மறுபடியும் சிமெண்டுக் கதைதான்.

எங்கள் முற்றத்தில் இப்போது சின்னச் சின்னக் கல்ஜோடிகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டுப் பழைய சுவரில் விழுந்த மென்மையான கடல்கல் துண்டுகளை இரண்டிரண்டாக வெவ்வேறு காரையால் ஒட்டி, கடல் தண்ணீரில் ஊறவைப்பது, வெயிலில் காயவைப்பது, மறுபடி ஊறவைப்பது. சிமெண்டு ஜோடியில் இணைப்பு அப்படியே இருக்கிறது, இரண்டு பக்கமும் கல் மாவாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. சுர்க்கிச் சுண்ணாம்பில் இணைப்பின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது, கல்லுக்கு ஒன்றுமில்லை. கடுக்காய், வெல்லம் சேர்த்தது குழைக்கும்போது கையில் அருமையாக வந்தது, பிடிப்பும் நன்று. மழை மாதத்தில் மட்டும் காய நாளானது. சிமெண்டுதான் வேண்டும் என்கிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து இந்தக் கற்களைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சில பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கட்டட மேஸ்திரி. சிமெண்டு ஜோடியை எடுத்து விரலால் தட்டினார், கல் உதிர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைத் தட்டினார். போகும்போது, வேலை நடந்தால் தன்னையும் கூப்பிடச் சொன்னார்.

மற்ற ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார்கள். ஸ்தபதியின் மாமல்லபுரத்தில், முதலில் 1887-ல், பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலேயே விளக்கை ஏற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லால் தனிக் கோபுரம் கட்டி, 1904-ல் விளக்கு அங்கே மாறியது. இன்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அண்டைத் தீவான ரேயூனியனில், நம் ஆட்கள் நிறைந்த சேந்த் சூசானில், பெல் ஏர் விளக்கம் 1846-லிருந்து நிற்கிறது; அந்தத் தீவில் எஞ்சியிருக்கும் ஒரே கலங்கரை விளக்கம் அதுதான். அதைச் சீராக வைத்திருக்கிறார்கள், மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனால் எங்களுக்கு நெருக்கமான கதை தென்னாப்பிரிக்காவின் அகுலாஸ் முனையில் நடந்தது. 1849-ல் முதன்முதலாக எரிந்த விளக்கம். காற்றும் உப்பும் தின்று, சுவர் நொறுங்கத் தொடங்கியதால் 1968-ல் அதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் அலுமினியச் சட்டத்தில் விளக்கை வைத்தார்கள். பழையதை இடித்துவிட்டு அதே மாதிரி புதிதாக ஒன்று கட்டிவிடலாம் என்றுகூடத் திட்டம் போட்டார்கள். வரலாற்று ஆர்வலர்கள் விடவில்லை. 1973-ல் அதைத் தேசியச் சின்னமாக அறிவிக்க வைத்தார்கள். பழுது பார்த்து, 1988-ல் மறுபடியும் அதே கோபுரத்தில் விளக்கு எரிந்தது. நிறுத்தியதற்கும் மீண்டும் ஏற்றியதற்கும் நடுவே இருபது வருடம். மாதிரி ஒன்று கட்டினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்: அகுலாஸில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், காத்திருந்தார்கள்.

எங்கள் கோபுரத்தில் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் எதையும் செய்யக்கூடாது, அளக்க வேண்டும். ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பது பழைய வழி. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் அது பழைய காயம், பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, பருவத்துக்குப் பருவம் படம் எடுக்க வேண்டும். திட்டின் ஓரம் எவ்வளவு குடைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். அடியில் பாறை போய்க்கொண்டிருக்கும்போது மேலே காரை வைத்துப் பயனில்லை.

அதற்கப்புறம் தலைமாடு. சுவரின் உச்சி திறந்து கிடந்தால் மழை நேராக உள்ளே இறங்கும். பாதி நோய் அங்கிருந்துதான். உச்சியைச் சுண்ணாம்பால் சரிவாக மூடித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். இடுக்கில் முளைத்திருக்கும் செடிகளைப் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அறுத்துவிட்டு, வேர் பட்டுப்போக விட வேண்டும். பிறகுதான் இணைப்புகள். உளியும் சுத்தியும் கொண்டு கையால் உளுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். அறுக்கிற மெஷின் வைத்தால் கல் விளிம்பும் போகும். தண்ணீர் தெளித்து, காரையை அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றி, ஈரச்சாக்கு கட்டி வெயிலும் காற்றும் படாமல் காக்க வேண்டும். எங்கள் தென்கிழக்குக் காற்று ஒரே மதியத்தில் காரையை உலர்த்திப் பிளந்துவிடும். அதனால் பருவமும் முக்கியம்: குளிர் மாதங்களில் (எங்களுக்கு அது ஜூன் முதல் செப்டம்பர் வரை) காற்று பலம், படகே நெருங்க முடியாது, கோடையில் புயல். இடையில் அக்டோபரை ஒட்டி, மழை குறைந்து காற்றும் தணிகிற கொஞ்ச காலம்தான் கிடைக்கும். ஒரு பருவத்தில் ஒரு பக்கம் முடிந்தால் பெரிய விஷயம். புதைந்த இரும்பை எடுக்க முடிந்த இடத்தில் எடுத்துத் துருப்பிடிக்காத எஃகு வைக்கலாம்.

காவலர் வீட்டுக்குக் கூரை போட வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கிற சுவர் நின்றால் போதும். விளக்கை மறுபடி ஏற்றுவது பற்றி என் வீட்டிலேயே எனக்கு எதிர்ப்பு. அக்கா மகள், சூரிய மின்விளக்கு ஒன்றாவது வேண்டும் என்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் ஒரு புது ஆணி அடிப்பதற்கு முன்னால் அந்தச் சுவர் அதைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். அந்தப் பேச்சை அகுலாஸ் மாதிரி பிற்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆள்பலம் பற்றிய கவலை எனக்கு இல்லை. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கி எங்கள் காயலுக்குள் பரவியது. செயற்கைக்கோள் வழிகாட்டுகிற காலத்திலும் ஒரு கப்பல் இந்தக் கரையில் மோதியது. அந்த வாரம் மாயேபூர் கடற்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலேயே ஊர் முழுவதும் திரண்டது. கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, தைத்து, நீளநீளமாக மிதவை செய்து கடலில் இறக்கினோம். என் முன்னாள் மாணவர்கள், முசுலிம் பையன்கள், கிரியோல் மீனவர்கள், சீனக் கடைக்காரர், கோவில் பூசாரி, எல்லோர் கையும் கறுப்பாக இருந்தது. அதே கைகளைத்தான் இப்போது கேட்கிறேன். இந்த முறை அவசரம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

அனுமதிக்கான கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம். அக்கா மகளின் சோதனைக் குறிப்புகளையும், ஸ்தபதி வரைந்து கொடுத்த சுவர்ப் படத்தையும் சேர்த்திருக்கிறோம். ஸ்தபதி ஊருக்குத் திரும்பிவிட்டார், வாரம் தவறாமல் கூப்பிட்டு, "கடுக்காய்க் கல்லு எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறார். இதைப் படிக்கிறவர்களில் யாராவது கடலோரக் கல்கட்டில் சுண்ணாம்பு வேலை செய்திருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், குறிப்பாக மணலுக்குப் பதில் கிளிஞ்சல் தூள் போட்டுப் பார்த்தவர்கள். மாயேபூர், வீல் நுவார், வியே கிராண்ட் போர் பக்கத்துக் குடும்பங்களில் யாருடைய பெட்டியிலாவது விளக்கு எரிந்த காலத்துப் படமோ, கூரையோடு நின்ற காவலர் வீட்டின் படமோ இருந்தால், அதைக் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும். சுவர் எங்கே எவ்வளவு உயரம் இருந்தது என்று அதைவிட நன்றாக எதுவும் சொல்லாது.

அனுமதி வந்தால் இந்த அக்டோபரில் முதல் வேலை கண்ணாடித் துண்டு ஒட்டுவது. அதற்குச் சாரம் கட்ட வேண்டாம், ஓர் ஏணி போதும். ஏணி அப்பாவுடையது, வீட்டில் இருக்கிறது. படகுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார்.